நின்று கேட்ட பாட்டு



கச்சேரி என்றால் உட்கார்ந்து கேட்பது என்றே நாம் பழகியிருக்கிறோம். மணலில் துண்டை விரித்து உட்காருவோம்; நாற்காலி கிடைத்தால் இன்னும் நல்லது; அதுவும் முன்வரிசையில் கிடைத்துவிட்டால் ஊரிலே நாமும் ஒரு புள்ளி என்று பொருள். காசு கொடுத்துச் சீட்டு வாங்கி, இரண்டு மணி நேரம் தெருவில் வரிசையாக நின்று, அதன் பின்னர் உள்ளே போய் மேலும் இரண்டு மணி நேரம் நின்றுகொண்டே பாட்டுக் கேட்பவர்களை உங்களில் பெரும்பாலோர் பார்த்திருக்கமாட்டீர்கள். 2022-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதக் கடைசி வரை நானும் பார்த்ததில்லை. பிறகு பார்த்தேன். பார்த்ததோடு நிற்கவில்லை, ஐம்பத்து நான்கு வயதில், வலது முழங்காலில் குடிகொண்டிருக்கும் வாதத்தையும் உடன் அழைத்துக்கொண்டு, அவர்களுள் ஒருவனாக நானும் நின்றேன்.

ஊர் இலண்டன். கோடை விடுமுறையில் அங்குள்ள பங்குத்தந்தையர் ஓய்வுக்குச் செல்லும்போது, அவர்களுக்குப் பதிலாகத் திருப்பலி நிறைவேற்ற நம் நாட்டுக் குருக்கள் சிலர் செல்வதுண்டு. அவ்வாறு அந்நகரின் வடமேற்குப் பகுதியில் ஒரு சிறு பங்குக்கு நான் சென்றிருந்தேன். அந்நகரிலேயே என் அக்காள் மகள் ஒரு மருத்துவமனையில் செவிலியாகப் பணிபுரிகிறாள். அவளுடைய பங்கில் பாடகர் குழுவிலும் பாடுகிறாள். ஒரு நாள் தொலைபேசியில் அழைத்து, "சாமி மாமா, புதன்கிழமை மாலை உங்களை ஒரு கச்சேரிக்கு அழைத்துப் போகிறேன். ஆனால் நிற்க வேண்டும்" என்றாள்.

"ஏனம்மா, நாற்காலிச் சீட்டு எல்லாம் தீர்ந்துபோயிற்றா?"

"கிடைக்கும் மாமா. ஆனால் நிற்கிற இடம்தான் மேடைக்குப் பக்கம். விலையும் அதுதான் குறைவு."

பத்துப் பவுனுக்கும் குறைவு என்றாள். மேடைக்கு மிக அருகில் இருக்கும் இடத்துக்கு மிகக் குறைந்த விலை! நம் ஊரிலும் எந்த ஊரிலும் இப்படி ஒரு முறை நான் கேள்விப்பட்டதில்லை. அந்த வியப்பிலேயே சரி என்று சொல்லிவிட்டேன்.

இவ்விழாவுக்குப் புரோம்ஸ் என்று பெயர். உலாவுதலைக் குறிக்கும் ஒரு சொல்லின் சுருக்கம் அது. ஜூலை நடுவில் தொடங்கி, ஏறக்குறைய எட்டு வாரம், நாள் தவறாமல் நடக்கிறது. 1895-ஆம் ஆண்டு ஆகஸ்டு 10-ஆம் நாள் குயின்ஸ் மண்டபம் என்னும் இடத்தில் இதனைத் தொடங்கியவர் அம்மண்டபத்தின் நிர்வாகி ராபர்ட் நியூமன். (இக்கட்டுரையில் பின்னால் இன்னொரு நியூமன் வருவார், இருவரையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.) எளிய மக்களும் உயர்ந்த இசையைக் கேட்டுக் கேட்டு அதன் சுவையை அறிய வேண்டும் என்பது அவர் எண்ணம். ஒரு ஷில்லிங் கொடுத்தால் போதும். நிற்கலாம், உலாவலாம், உண்ணலாம், குடிக்கலாம், புகைக்கவும் செய்யலாம். இதற்கு முதல் போட்டவர் ஜார்ஜ் கேத்கார்ட் என்ற தொண்டை மருத்துவர். பணத்தோடு அவர் நிபந்தனைகளும் வைத்தார். ஹென்றி உட் என்ற 26 வயது இளைஞரே இசைக்குழுவை நடத்த வேண்டும் என்பது ஒன்று. அந்நாளில் இங்கிலாந்தில் வழங்கிய உச்ச சுருதியைக் குறைக்க வேண்டும் என்பது மற்றொன்று. பாடகர்களின் தொண்டை பழுதாகிறதே என்று மருத்துவருக்குக் கவலை. நம் கோவில் பாடகர் குழுக்களில் ஆர்மோனியக்காரர் ஏற்றிவைக்கும் சுருதிக்கு எட்டிப் பிடிக்க முடியாமல் சிறுமிகள் கழுத்து நரம்பு புடைக்கப் பாடுவதைக் காணும்போதெல்லாம், நமக்கும் ஒரு கேத்கார்ட் வாய்க்கக்கூடாதா என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது.

ஹென்றி உட் 1944-இல் இறக்கும்வரை, ஏறத்தாழ அரை நூற்றாண்டு, இவ்விழாவோடு ஒன்றியிருந்தார். 1927-இல் பி.பி.சி. நிறுவனம் விழாப் பொறுப்பை ஏற்றது. 1941 மே மாதம் செர்மானியக் குண்டு வீச்சில் குயின்ஸ் மண்டபம் எரிந்து சாம்பலாயிற்று. அவ்வாண்டே விழா ராயல் ஆல்பர்ட் மண்டபத்துக்கு இடம் பெயர்ந்தது. இன்றும் அங்கேயே நடக்கிறது. இடிபாடுகளிலிருந்து மீட்டெடுத்த ஹென்றி உட்டின் வெண்கலத் தலைச்சிலையை ஒவ்வொரு கோடையிலும் மேடையின் பின்புறம், பெரிய ஆர்கனுக்கு முன்னே, காவலிருக்க வைக்கிறார்கள்.

அன்று நண்பகலிலேயே புறப்பட்டுவிட்டேன். அதற்குக் காரணம் உண்டு. மண்டபத்திலிருந்து சிறிது தூரம் நடந்தால் பிராம்டன் ஆரட்டரி என்ற நம் கோவில் இருக்கிறது. புனித பிலிப்பு நேரியாரின் சபைக் குருக்கள் நடத்தும் கோவில். அன்று மாலை நாங்கள் கேட்கவிருந்த இசையை இயற்றிய எட்வர்டு எல்கார் 1889 மே மாதம் திருமணம் செய்துகொண்டது அக்கோவிலில்தான். பெரிய தூண்களுக்கு நடுவே சிறிது நேரம் முழந்தாளிட்டிருந்துவிட்டு, அக்காள் மகளுக்காக வாசலில் காத்திருந்தேன். இருவருமாக மண்டபத்தை நோக்கி நடந்தோம்.

அக்கோடை இங்கிலாந்துக்குக் கொடிய கோடை. ஜூலை 19-ஆம் நாள் அந்நாட்டில் முதன்முறையாக வெப்பம் 40 பாகையைத் தாண்டியது. மண்டபத்துக்கு எதிரே உள்ள பெரிய பூங்காவின் புல்லெல்லாம், சித்திரை மாதத்து நம் புறம்போக்கைப்போல, பழுப்பேறிக் கிடந்தது. ஏற்கெனவே ஒரு வரிசை நின்றுகொண்டிருந்தது. நின்றது என்று சொல்வதும் தவறு. பாதிப்பேர் நடைபாதையிலேயே உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டும் புத்தகம் படித்துக்கொண்டும் இருந்தார்கள். எங்களுக்கு முன்னே இருந்த முதியவர், தாம் மாணவராக இருந்த நாள் முதல் ஒவ்வொரு கோடையிலும் வந்துகொண்டிருப்பதாகச் சொன்னார். எத்தனை கச்சேரி என்று கேட்டதற்கு, "மனைவி எண்ணிக் கணக்கு வைத்திருந்தாள், அவள் போன பிறகு எண்ணுவதில்லை" என்றார். இந்த வரிசைதான் விழாவின் முதல் இன்பம் என்பேன். ஒருவர் இடத்தை மற்றவர் காக்கிறார். தேநீர் வாங்கப் போனவர் திரும்பி வந்தால், அவர் இடம் அவருக்கே. திருவிழாத் தேரோட்டத்தில் கயிற்றைப் பிடிக்க நாம் முண்டுவதை நினைத்து வெட்கப்பட்டேன். ஆயினும் வெயில் வெயில்தான். அங்கே விற்கும் தண்ணீர்ப் போத்தலின் விலையை இங்கே எழுதினால், அந்தக் காசுக்கு நம் ஊரில் ஒரு வேளைச் சாப்பாடு ஆயிற்றே என்பீர்கள்.

கதவு திறந்தது. உள்ளே நுழைந்தவுடன் மேலே பார்த்தேன். பார்க்காமல் இருக்க முடியாது. 1871-இல் விக்டோரியா அரசியார் திறந்துவைத்த மண்டபம் அது. வட்டமாக, அடுக்கடுக்காக, ஐயாயிரத்துக்கு மேற்பட்டோரைக் கொள்ளக்கூடியது. குவிமாடத்திலிருந்து பெரிய பெரிய காளான்கள்போல் வட்டத் தட்டுகள் தொங்குகின்றன. அவை அலங்காரத்துக்கு அல்ல. திறப்பு விழாவன்றே செபம் சொன்ன ஆங்கிலிக்க ஆயரின் "ஆமென்" மண்டபத்தைச் சுற்றி வந்து மீண்டும் கேட்டதாம்! ஏறக்குறைய நூறாண்டுக் காலம் அந்த எதிரொலியோடு போராடி, 1969-இல்தான் இத்தட்டுகளைத் தொங்கவிட்டு அதனை அடக்கினார்கள். ஒலிபெருக்கியும் எதிரொலியும் ஒன்றையொன்று துரத்தும் புதிய கோவில்களைக் கட்டும் நம்மவர்கள், கட்டுவதற்கு முன்பே இதனை எண்ணிப் பார்ப்பது நல்லது.

நடுவிலுள்ள வட்டக் களத்தில் நாற்காலியே கிடையாது. அங்கும் மேல்மாடத்திலுமாக ஏறத்தாழ ஆயிரம் பேர் நிற்கிறார்கள். சுற்றிலும் பட்டு மெத்தையிட்ட இருக்கைகளில், எங்களைப்போல் பல மடங்கு கொடுத்தவர்கள் தொலைவிலிருந்து பார்க்கிறார்கள். நாங்களோ வயலின் வாசிப்பவரின் விரல் நகம் தெரியும் தூரத்தில் நின்றோம்.

இனித் தொல்லைகளைச் சொல்ல வேண்டும்.

எனக்கு முன்னே ஆறரை அடி உயரத்தில் ஓர் இளைஞர், முதுகில் மூட்டையோடு நின்றார். அவர் திரும்பும்போதெல்லாம் மூட்டை என் மார்பில் மோதிற்று. என் பின்னால் நின்றவருக்குத் தாமே இசை நடத்துநர் என்ற எண்ணம். அவர் கையசைத்த காற்று என் பிடரியில் பட்டுக்கொண்டே இருந்தது. பக்கத்திலே ஓர் அம்மையாரின் வாசனைத் தைலம் கண்ணில் நீர் வரவழைத்தது. மண்டபத்தின் புழுக்கம் வேறு. இதே விழாவில் 1974-ஆம் ஆண்டு, கடும் வெக்கையில் மேடையில் பாடிக்கொண்டிருந்த பாடகர் தாமஸ் ஆலன் பாதியிலேயே மயங்கிச் சாய்ந்தார். கூட்டத்தில் நின்றிருந்த பாட்ரிக் மெக்கார்த்தி என்ற இளைஞர், அப்பாடலை அறிந்தவர், மேடைக்குப் பின்புறம் சென்று தம்மால் பாட முடியும் என்றார். எஞ்சிய பகுதியை அவரே பாடி முடித்தார். இக்கதையை அக்காள் மகள் எனக்குச் சொல்லி, "நீங்கள் மயங்கினால் உங்கள் பூசையை நான் வைக்க முடியாது மாமா, தண்ணீர் குடியுங்கள்" என்றாள். உயரமான இளைஞர் அதைக் கேட்டுத் திரும்பினார். தமிழ் புரிந்திருக்காது, என் உயரம் புரிந்திருக்கும். மூட்டையைக் கழற்றிக் காலடியில் வைத்துவிட்டு, எங்கள் இருவரையும் தமக்கு முன்னே நிற்கச் செய்தார். அவரைப்பற்றி மனத்துக்குள் சொன்னவற்றையெல்லாம் திரும்பப் பெற்றுக்கொண்டேன்.

அன்றைய பாடல் 'ஜெரோன்டியசின் கனவு'. இரண்டாவது நியூமன் இங்கேதான் வருகிறார்: கர்தினால் ஜான் ஹென்றி நியூமன். 1845-இல் நம் திருச்சபையில் சேர்ந்தவர். பிலிப்பு நேரியாரின் சபையை இங்கிலாந்துக்குக் கொணர்ந்தவர். 2019-இல் புனிதராக உயர்த்தப்பட்டு, 2025 நவம்பர் முதல் நாளன்று திருச்சபையின் மறைவல்லுநர் என்றும் அறிவிக்கப்பட்டவர். ஒரு முதியவர் இறப்பதையும், அவர் ஆன்மாவைக் காவல் சம்மனசு இறைவனின் நீதி இருக்கைக்கு அழைத்துச் சென்று, பிறகு உத்தரிக்கிற ஸ்தலத்தில் அன்போடு சேர்ப்பதையும் அவர் ஒரு நெடும்பாட்டாக எழுதினார். 1865-இல் அது முதலில் வெளிவந்தது ஒரு கத்தோலிக்கத் திங்களிதழில் என்பதை, மற்றொரு கத்தோலிக்கத் திங்களிதழின் வாசகர்களாகிய உங்களுக்குச் சொல்வதில் எனக்குச் சிறிது பெருமை. கார்ட்டூம் நகர முற்றுகையில் 1885-இல் கொல்லப்பட்ட தளபதி கார்டன், தம்மிடமிருந்த பிரதியில் பென்சிலால் கோடிட்டு வைத்திருந்தார். அக்கோடுகளைப் படியெடுத்த ஒரு பிரதி, எல்காருக்கு அவருடைய பங்குக் குருவின் திருமணப் பரிசாக வந்தது. பதினோராண்டு கழித்து அது இசையாயிற்று.

1900 அக்டோபரில் பர்மிங்காமில் நடந்த முதல் அரங்கேற்றம் பெருந்தோல்வி. பாடகர் குழுவைப் பயிற்றுவித்தவர் இடையில் இறந்துபோக, வந்தவர் முதியவர். குழுவுக்குப் பாடம் ஏறவில்லை. எல்கார் மனம் நொந்துபோனார். அதனை மீட்டவர்கள் செர்மானியர்கள். 1901-இலும் 1902-இலும் டூசல்டார்ஃப் நகரில் சிறப்பாகப் பாடினார்கள். அதே 1902-இல் ஊஸ்டர் பேராலயத்தில் பாடியபோது, மாதாவைப்பற்றியும் உத்தரிக்கிற ஸ்தலத்தைப்பற்றியும் வரும் சொற்களை ஆங்கிலிக்கர்களுக்காக மாற்றவோ நீக்கவோ வேண்டியிருந்தது. இலண்டனில் முதன்முதலாக அது ஒலித்தது 1903-இல், இன்னும் பூச்சு வேலை முடியாத நம் வெஸ்ட்மின்ஸ்டர் பேராலயத்தில். இன்றோ எச்சமயத்தாரும் எச்சமயமும் இல்லாதாரும் ஒரு சொல்லும் குறையாமல் நின்று கேட்கிறார்கள்.

பாட்டு தொடங்கியது. முதற் பகுதி மரணப் படுக்கை. டெனர் குரலில் முதியவர் தம் அச்சத்தைப் பாடுகிறார். சூழ நிற்கும் நண்பர்களாகப் பாடகர் குழு செபிக்கிறது. முதல் கால் மணி நேரம் நான் இசையைக் கேட்டேன் என்பதைவிட முழங்காலைக் கேட்டேன் என்பதே உண்மை. எடையை இடக்காலுக்கு மாற்றினேன், பிறகு வலக்காலுக்கு. ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் பாடல் ஏட்டின் பக்கத்தைத் திருப்பும் சலசலப்பு வேறு. பிறகு முதியவர் குரல் அடங்கிற்று. பேஸ் குரலில் ஒருவர் எழுந்தார். குருவின் பங்கு அவருடையது. முதலில் இலத்தீனில், பிறகு ஆங்கிலத்தில், பிரியும் ஆன்மாவை வழியனுப்பும் செபத்தைத் தொடங்கினார்.

முழங்கால் மறந்துபோயிற்று.

அச்செபம் என் வேலையின் ஒரு பாகம், வாசகர்களே. குருவான நாள்முதல் எத்தனை கட்டிலருகில், எத்தனை கயிற்றுக் கட்டிலருகில் அதைச் சொல்லியிருக்கிறேன் என்று எனக்கே தெரியாது. இன்றைய சடங்கு நூலில் அது சுருக்கமானது. பழைய வடிவம் நீளமானது. சம்மனசுக்களின் அணிகள், பிதாப்பிதாக்கள், தீர்க்கதரிசிகள், அப்போஸ்தலர், வேதசாட்சிகள், துதியர், வனவாசிகள், கன்னியர் என்று மோட்ச வாசிகள் அனைவரின் பெயராலும் ஆன்மாவை அனுப்பிவைக்கும். எங்கள் தாயார் இறந்த இரவு, அந்நாளைய பங்குச் சாமியார் பழைய புத்தகத்தை வைத்துக்கொண்டு, ஒரு சொல் விடாமல் அந்நீண்ட செபத்தைச் சொன்னார். வெளியே வந்ததும் என் அக்காள், "என் முறை வரும்போது இந்தப் பெரிய செபத்தையே சொல்லு, சின்னதைச் சொல்லி அனுப்பிவிடாதே" என்றாள். சொல்கிறேன் என்றேன். அதற்காகவே அதை மனப்பாடமும் செய்தேன்.

2021 மே மாதம் அவள் முறை வந்தது. அம்மாதத்தை நான் உங்களுக்கு நினைவூட்ட வேண்டியதில்லை. மருத்துவமனைக்குள் எவரையும் விடவில்லை. குருவென்றும் தம்பியென்றும் சொல்லிப் பார்த்தேன். மகளோ இலண்டனில், ஏப்ரல் முதலே இந்தியப் பயணத்துக்கு அங்கே கடுமையான தடைகள். கடைசியில் அந்த வார்டிலிருந்த ஒரு செவிலிப் பெண், முகம்கூட எனக்குத் தெரியாது, தன் கைப்பேசியை அக்காளின் காதருகே பிடித்தாள். "சீக்கிரம் சொல்லுங்கள் பாதர், அடுத்த கட்டிலிலிருந்து கூப்பிடுகிறார்கள்" என்றாள். இணைப்பு அறுந்து அறுந்து வந்தது. நான் சின்னச் செபத்தைச் சொன்னேன். அதையும் விரைந்து சொன்னேன். இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது. அவளுக்குக் கேட்டதா என்றும் தெரியாது.

ஆல்பர்ட் மண்டபத்தில் அவர்கள் விரையவில்லை. குரு பாடி நிறுத்த, பாடகர் குழு முழுவதும் எடுத்துக்கொண்டது. சம்மனசுக்களின் அணி ஒவ்வொன்றாக, அப்போஸ்தலர், வேதசாட்சிகள், வனவாசிகள் என்று ஒருவரையும் விடாமல், அலைமேல் அலையாக வந்துகொண்டே இருந்தார்கள். ஐந்து நிமிடத்துக்கு மேல் ஆகியிருக்கும். அவ்வளவும் மேடையடியில் நின்ற என் தலைமேல் வந்து விழுந்தது. கண்ணைத் துடைக்கக் கையை எடுக்கக்கூட இடமில்லாத நெரிசல்.

முதற் பகுதி அடங்கியதும், கீழே உட்கார முடிந்தவர்கள் தரையில் உட்கார்ந்தார்கள். நாங்களும் உட்கார்ந்தோம். அக்காள் மகள் மெல்லக் கேட்டாள்: "சாமி மாமா, அன்றைக்கு அம்மாவுக்குச் சொன்னீர்களே, அந்தச் செபம் இதுதானா?"

"இதுதான்" என்றேன். பிறகு, ஓராண்டுக்கு மேலாக எவரிடமும் சொல்லாததைச் சொன்னேன். "ஆனால் முழுவதும் சொல்லவில்லையம்மா. உன் அம்மாவுக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். சின்னதைத்தான் சொன்னேன்."

அவள் ஒன்றும் சொல்லவில்லை. தண்ணீர்ப் போத்தலை என் கையில் கொடுத்தாள்.

இரண்டாம் பகுதி மிக மெல்லத் தொடங்குகிறது. தந்திக் கருவிகள் மட்டும், மூச்சு விடுவதுபோல். உடலை விட்ட ஆன்மா விழித்து, இனிக் காலத்தின் துடிப்பே தன் செவியில் விழவில்லை என்று வியக்கும் இடம். ஐயாயிரம் பேர் இருக்கும் மண்டபத்தில் ஓர் ஊசி விழுந்தாலும் கேட்கும். அப்பொழுதுதான், எங்களுக்கு இடப்புறம் பத்தடி தூரத்தில், ஒரு கைப்பேசி அலறிற்று! ஒரு முறை, இரு முறை, மூன்று முறை. பை ஒன்றின் அடியில் கிடந்தது போலும். அந்த மனிதர் துழாவத் துழாவ அது இன்னும் உரக்கக் கூவிற்று. களத்திலிருந்தோர் எல்லாரும் திரும்பினார்கள். நானும் திரும்பினேன். ஞாயிறு திருப்பலியில் எழுந்தேற்ற வேளையில் பின்வரிசையிலிருந்து சினிமாப் பாட்டுக் கிளம்பும்போது என் முகம் எப்படியிருக்கும் என்று என் பங்கு மக்களைக் கேளுங்கள். அதே முகத்தோடு திரும்பினேன்.

அக்காள் மகள் மட்டும் திரும்பவில்லை. மேடையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இசை நிற்கவில்லை, ஆன்மாவும் சம்மனசும் பேசிக்கொண்டே மேலே சென்றார்கள். பசாசுகளின் கூக்குரல், பிறகு சம்மனசுக்களின் பெரும் புகழ்ப்பாட்டு. அப்போது அந்த ஆர்கனின் அதிர்வு தரைவழியாக உள்ளங்காலில் ஏறிற்று. நாற்காலியில் இருந்தவர்களுக்கு அது கிட்டியிராது. ஆன்மா இறைவனை ஒரே ஒரு கணம் காணும் இடத்தைப்பற்றி மட்டும் சொல்லிவிடுகிறேன். எல்கார் முதலில் அக்கணத்தை இசையில் காட்டாமலே விட்டுவிட்டாராம். பதிப்பகத்திலிருந்த அவருடைய நண்பர் யேகர், இதை நீர் செய்தே தீர வேண்டும் என்று கடிதத்தின்மேல் கடிதம் எழுதி வற்புறுத்தினார். எல்கார் இணங்கி, ஒவ்வொரு கருவியும் ஒரு கணம் தன் முழு வலிமையையும் காட்ட வேண்டும் என்று ஏட்டில் குறித்தார். அந்தக் கணம் வந்தது. இடி விழுந்ததுபோல் என்று எழுதினால் குறைவு. எனக்குப் பின்னால் கையாட்டிக்கொண்டிருந்தவரின் கைகூட நின்றுவிட்டது.

முடிவு மென்மையானது, சம்மனசு விடைகொடுக்க, தொலைவிலே ஆமென் கரைந்து போகிறது. (அந்த ஆமென் ஒரே முறைதான் கேட்டது.) நடத்துநர் கையை இறக்கவில்லை. எவரும் இருமவில்லை. எத்தனை நொடி என்று நான் எண்ணவில்லை. பிறகு கைதட்டல்; அதன் நடுவே, வரிசையில் பார்த்த முதியவர் கைதட்டாமல் இரு கைகளையும் தொப்பியின்மேல் வைத்துக்கொண்டு நிற்பதைக் கண்டேன்.

வெளியே வந்தபோது இரவு. பாதம் வீங்கியிருந்தது. கழிப்பறை வரிசையைப்பற்றி எழுதாமல் விடுகிறேன். 52-ஆம் எண் பேருந்தில் மேல்தட்டில், முன் இருக்கை கிடைத்தது. அன்று நான் உட்கார்ந்த முதல் நாற்காலி. செருப்பைக் கழற்றினேன். கைப்பேசிக்காரரைப்பற்றிக் கோபமாக ஏதோ சொல்லத் தொடங்கினேன்.

"அந்தச் சத்தம் கேட்டால் எனக்குக் கோபம் வருவதில்லை மாமா" என்றாள். "2020-இல் எங்கள் வார்டில் இரவெல்லாம் அதே சத்தம்தான். யாராவது ஒரு மகன், யாராவது ஒரு பேத்தி. நான்தான் கட்டில் கட்டிலாகப் பிடித்துக்கொண்டு நிற்பேன். சில பேர் அழுவார்கள். சில பேர் பாடுவார்கள். ஒருவர் கால்பந்து ஆட்டத்தின் முடிவைச் சொன்னார். எவ்வளவு பேசினார்கள் என்று நான் பார்த்ததில்லை. காதருகே கொண்டுபோனதும் நோயாளியின் முகம் மாறும். அதைத்தான் பார்ப்பேன்." சிறிது நேரம் கழித்து, "அம்மாவின் முகத்தை அந்தப் பெண் பார்த்திருப்பாள்" என்றாள்.

பேருந்து பூங்காவைத் தாண்டி நோட்டிங் ஹில் பக்கம் திரும்பிற்று.

"அந்தப் பெரிய செபம் இன்னும் நினைவிருக்கிறதா மாமா?"

"இருக்கிறது."

"தமிழில் சொல்லுங்கள். நான் கேட்டதேயில்லை."

இங்கேயா என்று சுற்றிலும் பார்த்தேன். நாலைந்து இளைஞர்கள் உருளைக்கிழங்கு வறுவல் தின்றுகொண்டிருந்தார்கள். ஒருவர் கண்ணாடியில் தலைசாய்த்து உறங்கிக்கொண்டிருந்தார். அக்காளின் ஞானஸ்நானப் பெயரைச் சொல்லித் தொடங்கினேன். தாழ்ந்த குரலில், நிறுத்தி நிறுத்தி, சம்மனசுக்களின் அணிகளில் ஒன்றையும் விடாமல், வனவாசிகளையும் கன்னியரையும் விடாமல் சொன்னேன். ஒவ்வொரு பிரிவுக்கும் அவள் ஆமென் என்றாள். முடிக்கும்போது நாங்கள் இறங்க வேண்டிய நிறுத்தம் போய், அதற்கு அடுத்த இரண்டும் போயிருந்தன. இறங்கிச் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, அந்த முழங்காலோடு, வந்த வழியே திரும்பி நடந்தோம்.